புதன்கிழமை நீலப் பட்டை

"சசிதரன் இன்னும் வேலையாத்தான் இருக்காரு" என்று வைத்திலிங்கம் சார் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சசிதரன் இறந்து அன்றைக்கு ஒன்பது நாள்.

சிரித்தது தப்புதான். ஆனால் அவர் கையில் டீ டம்ளரோடு என் மேசைக்கு வந்து, கப்பல் இரண்டு மணி நேரம் தாமதம் என்று சொல்கிற அதே குரலில் அதைச் சொன்னார். கம்ப்யூட்டர் காலண்டரில் சசிதரன் பேருக்கு நேராக, வருகிற புதன்கிழமையில் நீலப் பட்டை இருக்கிறதாம். நீலம் என்றால் அந்த ஆளுக்கு வேலை இருக்கிறது, வெள்ளை என்றால் அவர் ஓய்வாக இருக்கிறார். செத்த மனுஷனுக்கு என்ன வேலை என்று கேட்டார். இரண்டு மாதத் தகவல் முன்கூட்டியே வந்து கிடக்கும் சார், நாள் ஓடினால் தானாகப் போய்விடும் என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொல்லி அனுப்பினேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு அப்போதெல்லாம் நான் அப்படித்தான் பதில் சொல்வேன்.

நான் சுஹைனா. 2009-இல் கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்த புதிதில் காரைக்கால் ஊருக்குள் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது பேர் இருக்கிற ஆபீசில் கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மெயில், பிரிண்டர், ஏசி ரிமோட் எல்லாம் என் தலையில். வைத்திலிங்கம் சார் கப்பல் வேலைகளுக்கு ஆள், நேரம் குறிப்பவர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை.

கப்பலிலிருந்து சரக்கு இறக்குவது எங்கள் வேலை இல்லை. அதற்கு வாஞ்சூரிலேயே வேறொரு கம்பெனி இருந்தது. ஆனால் கப்பலின் சரக்கு அறையைத் திறக்கும்போது எங்கள் ஆள் ஒருவரும் அவர்கள் ஆள் ஒருவரும் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு நேரம் குறிக்க ஒரு நாளைக்கு முப்பது போன். சலித்துப்போன இரண்டு மேனேஜர்களும், அவர்கள் ஆட்கள் எப்போது ஓய்வு என்பது நம் கம்ப்யூட்டரில் தெரிந்தால் என்ன என்று பேசி முடித்தார்கள். அவர்கள் மெயில் ஒரு வகை, எங்கள் மெயில் வேறு வகை. பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி ஒன்று சொல்வது மற்றதன் காதில் ஏறாது. அந்தக் கம்பெனியில் என்னைப் போலவே எல்லாவற்றுக்கும் ஒற்றை ஆளான நாகராஜ், மணிக்கு ஒருமுறை ஒரு பட்டியல் அனுப்ப ஏற்பாடு செய்தார். யாருக்கு எந்த நேரம் வேலை என்பது மட்டும் அதில் இருக்கும். என்ன வேலை என்பது இருக்காது. அதைப் படித்து எங்கள் காலண்டரில் பட்டையாகப் போட நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, என் மேசைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டேன். ஜூலையில் அது ஓட ஆரம்பித்தபோது மேனேஜர் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பட்டியலில் அவர்கள் ஆட்கள் நான்கு பேர். மூன்று பேர் காலண்டரில் ஒரு எழுத்துகூட எழுதாதவர்கள். அவர்கள் பேருக்கு நேராகப் பகலும் இரவும் வெள்ளைதான். அவர்களுக்கு வைத்திலிங்கம் சார் பழையபடி போனே போட்டார். ஒழுங்காக எழுதியவர் ஒருவர்தான், ஷிப்ட் சூப்பர்வைசர் சசிதரன். காரைக்கால்மேட்டுக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் படித்துக் கரையில் வேலைக்கு வந்தவர். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் அவரிடமிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. புதன்கிழமைதோறும் மூன்றிலிருந்து நாலரை வரை தனக்கு வேலை இருப்பதாகக் குறித்து வைத்திருப்பதாகவும், அப்படியும் இரண்டு வாரமாக எங்கள் ஆபீசிலிருந்து மூன்று மணிக்கே வரச் சொல்லி அழைப்பு வருவதாகவும், எப்படியோ சமாளித்ததாகவும், தயவுசெய்து பார்க்கும்படியும் எழுதியிருந்தார். நான் பார்த்தேன். என் திரையில் அவருடைய நீலப் பட்டை புதன்கிழமை மூன்றுக்குத் தொடங்கி நாலரைக்கு முடிந்தது. மயிரிழை பிசகில்லை. எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் பக்கம் பாருங்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். நன்றி மேடம் என்று அவர் எழுதினார்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, கப்பல் ஒன்று சீக்கிரமே வந்துவிட்டது. வைத்திலிங்கம் சார் மூன்று மணிக்கு வரச் சொல்லி அழைப்பு அனுப்பினார். சசிதரன் அப்போது காரைக்காலுக்குள் இருந்தார். கப்பல் காத்திருக்கிறது என்று அவர் கம்பெனியில் நெருக்கியதும் பைக்கை எடுத்துக்கொண்டு வாஞ்சூருக்குப் பறந்திருக்கிறார். நாகூர் சாலையில் நிலக்கரி லாரியை முந்தப் போனவர் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு வைத்திலிங்கம் சார் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றையே சொல்வார். "வெள்ளையா இருந்துச்சு. பாத்துட்டுத்தான் போட்டேன்." ஆபீசில் யாரும் அதை நம்பவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டிய வயசு, அவசரத்தில் பார்த்திருக்க மாட்டார் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அந்தப் பேச்சில் இருந்தேன்.

அக்டோபர் போய் நவம்பர் வந்து மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் தாண்டியும் பட்டை போகவில்லை. நாள் நகர நகர, முன்னால் ஒரு புதன்கிழமை புதிதாக முளைத்தது. ஆபீசில் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கூட்டமாக நின்று ஜனவரி வரைக்கும் தள்ளிப் பார்த்தார்கள். எத்தனை தள்ளினாலும் சசிதரன் அங்கே இருந்தார். ரிசப்ஷனில் இருந்த பெண் அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டாள். நாகராஜுக்கு போன் செய்து கேட்டேன். சசிதரன் மெயில் கணக்கை அப்போதே எடுத்துவிட்டேனே என்றார், சட்டென்று வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அந்தப் பேரை நானே அழித்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தது. இதெல்லாம் வெறும் பட்டியல் என்று மற்றவர்களுக்குச் சொன்னவள், பயத்துக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டேதான் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

ஒருநாள் மத்தியானம் வைத்திலிங்கம் சார் வந்து, நீங்க ஒருதரம் வந்து என் சீட்ல உக்காந்து பாருங்கம்மா என்றார். பாவமாக இருந்தது, எழுந்து போனேன். இத்தனை மாதத்தில் அவர் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டையை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அது நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிந்தது. மூன்று மணி வெள்ளையாக இருந்தது.

என் மேசைக்கு ஓடினேன். என் திரையில் மூன்று. திரும்பி வந்தேன். அவர் திரையில் நாலரை. பக்கத்து மேசையிலும் நாலரை. மறுபடி என் மேசைக்கு வந்து நின்றபோது திரையின் மூலையில் கடிகாரம் தெரிந்தது. எங்களுக்கு மணி ஒன்றே முக்கால். அதில் பன்னிரண்டே கால்.

எங்கள் தெருவில் சபுராளி வீடுகளில், வளைகுடாவுக்கு ஆண்களை அனுப்பிவிட்டு இருக்கும் வீடுகளில், சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டுவோம். ஒன்று நம்முடையது. மற்றது ஒன்றரை மணி பின்னால் போகிற அவர்களுடையது. அங்கே அவர் எழுந்திருப்பாரா, சாப்பிட்டிருப்பாரா, போன் செய்யலாமா என்று கணக்குப் போட வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். என் வீட்டுக்காரர் இப்ராஹிம் ஷார்ஜாவில் இருக்கிறார். அவருடைய சாப்பாட்டு வேளையில் சாட்டில் பேசுவதற்காக, வேலையில் சேர்ந்த முதல் வாரமே என் கம்ப்யூட்டரை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றி வைத்தேன். பிறகு அதை மறந்தும் போனேன். நம் நேரத்துக்குக் கையில் வாட்ச் இருக்கிறது. எனக்கு யார் மீட்டிங் போடப்போகிறார்கள்?

அந்தக் கம்ப்யூட்டரில்தான் என் புரோகிராம் ஓடியது. நாகராஜ் அனுப்பிய மூன்று மணியை அது ஷார்ஜாவின் மூன்று மணி என்று எடுத்துக்கொண்டது. என் திரையும் ஷார்ஜா நேரத்தில் இருந்ததால் எனக்கு மூன்றாகவே காட்டியது. ஆபீசில் மற்ற எல்லோருக்கும் அது நாலரை. சசிதரன் தன் நேரத்தைச் சரியாகத்தான் எழுதினார். வைத்திலிங்கம் சார் சரியாகத்தான் பார்த்தார். நடுவில் நான் இருந்தேன்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அப்புறம் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் மூலையில் இருந்த நேரத்தை மாற்றினேன், புரோகிராமை மறுபடி ஓடவிட்டேன். சற்று நேரத்தில் வைத்திலிங்கம் சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது.

"அம்மா, அது நகந்து வந்திருச்சும்மா. நான் கூப்பிட்ட நேரத்துலயே வந்து நிக்குது."

சர்வரில் ஏதோ கோளாறு சார் என்றேன். அவர் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் கைலாசநாதர் கோயில் விபூதியைக் கொண்டுவந்து மானிட்டர் மேல் ஒரு சிட்டிகை வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்ராஹிமிடம் சொன்னேன். லாரிக்காரன் செய்ததற்கு நீ என்ன செய்வாய், தெரியாமல் நடந்தது, வேலை போய்விடும், வாயை மூடிக்கொண்டு இரு என்றார். அவர் சொல்வது எனக்கு இனித்தது. அதனாலேயே எனக்கு என்மேல் வெறுப்பு வந்தது.

அந்தப் பட்டை ஏன் போகவில்லை என்பதையாவது தெரிந்துகொள்ள நாகராஜைத் திரும்பவும் பிடித்தேன். இந்த முறை அவர் தப்பிக்கவில்லை. கணக்கை எடுக்கவே இல்லை என்று ஒத்துக்கொண்டார். அவர்கள் காலண்டரில் எதைக் குறித்தாலும் அரை மணி முன்னால் போனுக்குச் செய்தி போகும். சசிதரனின் போன் இப்போது அவர் மனைவி அல்லியிடம் இருக்கிறது. புதன்கிழமை இரண்டரைக்கு அது வருகிறது. அதை நிறுத்த வேண்டாம் என்று அந்தப் பெண் வந்து கேட்டாராம். காது கேளாத அவர்கள் மகளைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிற நேரம் அது.

"அந்த அல்லி தாந்தான் கொன்னுட்டதா நெனச்சுக்கிட்டு இருக்குங்க" என்றார் நாகராஜ். "அவரு வண்டியில போகையில போன் பண்ணித் திட்டியிருக்கு. அந்தப் பேச்சுலதான் கவனம் போயிருச்சுன்னு சொல்லிச்சொல்லி அழுவுது. நான் என்னத்தச் சொல்றது?"

என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் தூங்கவில்லை. ஒரு பக்கம் ஒரு கிழவர் மானிட்டருக்கு விபூதி வைக்கிறார், இன்னொரு பக்கம் ஒரு பெண் தன்னைக் கொலைகாரி என்கிறாள். இரண்டு பேரும் சுமப்பது என்னுடையதை. முதலில் வைத்திலிங்கம் சாரிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். வெள்ளையாத்தானே இருந்துச்சு, வெள்ளையாத்தானே இருந்துச்சு என்று சொல்லிக்கொண்டே மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். மேனேஜரிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்தப் புதன்கிழமை ஆட்டோ பிடித்துக் காரைக்கால்மேட்டுக்குப் போனேன்.

மழை விட்டிருந்தது. படகெல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. வீட்டு வாசலில் அல்லி மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்றுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். என்னை விட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். உள்ளே தரையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை சிலேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். காதில் மெஷின் இருந்தது. நான் ஏஜென்சியிலிருந்து வருகிறேன் என்றதும் அல்லி பாயை எடுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. வழியெல்லாம் அடுக்கி வைத்த வார்த்தைகள் ஒன்றும் நிற்கவில்லை. சசிதரன் எனக்கு மெயில் எழுதியது, நான் எழுதிய ஒரு வரி, கடிகாரம், ஒன்றரை மணி நேரம் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரி, நான்தான் கேட்கவில்லை, நான் கேட்டிருந்தால் அன்றைக்கு அவருக்கு அழைப்பே வந்திருக்காது என்றேன். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் உள்ளே போன் ஒலித்தது. இரண்டரை. அவர் போய் எடுத்துப் பார்த்தார். வெளிச்சம் அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"புள்ளய விட்டுட்டுப் போற அளவுக்குக் கப்பல் பெருசாப் போச்சான்னு கேட்டேன்" என்றார். "நானா போவலடி, கூப்புடுறாங்கன்னாரு. பொய் சொல்றேன்னு கத்துனேன். அதான் நான் கடைசியாப் பேசுனது."

"அவரு பொய் சொல்லல" என்றேன்.

அவர் தலையாட்டினார். அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. போனை முந்தானையில் துடைத்தார்.

"இப்ப அதச் சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு?"

எனக்குக் கேள்வி புரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நாள், இரண்டு நாள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"அரை நிமிஷம்" என்றேன்.

அல்லி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாசலுக்கு வந்து, கவிழ்த்த கூடையை நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்தார். குழந்தை சிலேட்டை விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் யாவாரம் முடிச்சு வர்றதுக்கே ரெண்டு ரெண்டரை ஆயிடுது. சமைச்சு, மாமனாருக்குக் குடுத்துட்டுத்தான் எங்கயும் போகணும். எம்புள்ள பாரதிப்ரியா கிளாசுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு" என்றார் அல்லி. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "புதன்கிழமை மூணு மணி. நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க. வேலை இருக்குன்னு எங்கிட்டச் சொல்லக் கூடாது."

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அன்றைக்கே தொடங்க வேண்டும் என்றார். குழந்தைக்குத் தலை வாரிவிட்டு, ஒரு பழைய சட்டைத் துணியில் சிலேட்டைச் சுற்றி என் கையில் கொடுத்தார். ஆட்டோவில் குழந்தை என்னை ஒட்டி உட்காரவில்லை, ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பயிற்சி நடக்கிற இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. டீச்சர் குழந்தையைக் கண்டதும் தூக்கிக்கொண்டார். என்னை யார் என்று கேட்கவில்லை, சொந்தக்காரி என்று எடுத்துக்கொண்டிருப்பார். எதிரெதிராக இருந்த இரண்டு சின்ன நாற்காலியில் ஒன்றில் அவளையும் இன்னொன்றில் என்னையும் உட்கார வைத்தார். தொண்டை அதிர்வதைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளைகள் சொல்லைப் பிடிக்கும், அதனால் முக்காட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளச் சொன்னார். இவ்வளவு நாளும் இந்த நாற்காலியில் அவள் அப்பாதான் உட்காருவாராம். அவர் தொண்டையைத் தொட்டே பதினெட்டுச் சொல் படித்துவிட்டாளாம். கடைசியாக வந்த அன்றைக்குப் புதுச் சொல் எடுத்தபோது போன் வந்து அவர் எழுந்து போய்விட்டார், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்றார்.

குழந்தையின் விரல்களைப் பிரித்து என் கழுத்தில் வைத்தார். ஈரமாக, சில்லென்று இருந்தன.

"எங்க, மெதுவா, நல்லா அழுத்திச் சொல்லுங்க. அப்பா."

பாரதிப்ரியா என் தொண்டையையே பார்த்தபடி காத்திருந்தாள். டீச்சர் இன்னொரு முறை சொல்லிக் காட்டினார். விரல்கள் இடம் மாறி, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று என் கழுத்தில் தேடின. எனக்குச் சொல் வரவில்லை.